பத்தாண்டு நிற்கும் பக்கம்



மசாலைத்தூள் அரைத்து விற்பவர், மாலை கட்டுபவர், முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுபவர், வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து இரவிக்கை தைப்பவர் என்று நம்மிடையே சிறுதொழில் செய்வோர் பலர் இருக்கின்றனர். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் இத்தகையோரை நிறையக் காண்கிறோம். தொழிலுக்கு ஒரு பெயர் வைக்கிறார்கள். பொட்டலத்தில் ஒரு முத்திரை அச்சிடுகிறார்கள். பிறகு இணையத்தில் ஒரு தளமும் திறக்கிறார்கள். பெரும்பாலும் அங்கேதான் முட்டுப்படுகிறது. பொருளின் படம், தொலைபேசி எண், "எங்கள் பொருளே தரமானது" என்று ஒரு வரி. அதற்குமேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. தீபாவளி வந்தால் சலுகை விலை எழுதுகிறார்கள். தீபாவளி போனதும் அந்த எழுத்தும் செத்துவிடுகிறது.

ஒரு முறை எழுதினால் பத்தாண்டுக்குப் படிப்பவருக்கும் பயன்பட்டு, எழுதியவருக்கும் பயன்படக்கூடிய பக்கம் எப்படிப்பட்டது என்பதே இன்றைய பேச்சு.

எழுத்து எப்படிச் சாகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மலேசியாவில் பொருள் சேவை வரி 2015ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நூற்றுக்கு 6 என்ற அளவில் நடப்புக்கு வந்தது. 2018ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி அது சுழியமாக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் விற்பனை சேவை வரி திரும்பி வந்தது. அந்த மூன்றாண்டு இடைவெளியில் "வரி உட்பட" என்று எழுதிய விலைப்பட்டியலை அப்படியே விட்டு வைத்த தளங்களை நாம் பின்னாளில் கண்டதுண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது "மறு அறிவிப்பு வரும்வரை கடை மூடப்பட்டிருக்கும்" என்று எழுதியவர்களில் சிலர், கடையைத் திறந்த பிறகும் அந்த வரியை எடுக்கவில்லை. அதைப் படிப்பவர் கடை இன்னும் மூடித்தான் இருக்கிறது என்று எண்ணி வேறிடம் போய்விடுவார். சிங்கப்பூரில் 2002ஆம் ஆண்டில் ஏழு இலக்கத் தொலைபேசி எண்கள் எட்டு இலக்கமாயின. ஏழு இலக்க எண் எழுதிய பெயர்ப்பலகையைப் பார்த்தவுடனேயே, "இது பழைய கடை" என்று நமக்கும் தோன்றுகிறதல்லவா?

இவை பக்கம் இருந்தும் பயனில்லாமற் போனவை. பக்கமே இல்லாமற் போவதும் உண்டு. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டது. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் நூற்றுக்கு 38, பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது காணவில்லை. கல்லில் வெட்டியது போல நாம் நினைக்கும் எழுத்து, பாதி நேரம் தண்ணீரில் எழுதிய எழுத்தாக இருக்கிறது.

அப்படியானால் நிற்பது எது? இணையம் பிறப்பதற்கு முன்பே இதற்கு விடை கண்ட வணிகர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய கதை ரப்பரைப் பற்றியது. பால்மரத்தடியில் வளர்ந்த நமக்கு அதைச் சொல்வதில் ஒரு தனி உரிமை உண்டு.

பிரான்சு நாட்டில் கிளேர்மோன் ஃபெரான் என்னும் ஊரில் ஆந்திரே மிச்சலின், எதுவார் மிச்சலின் என்ற உடன்பிறந்தார் இருவர் டயர் செய்து விற்றுவந்தனர். 1900ஆம் ஆண்டில் பிரான்சு முழுவதும் ஓடிய கார்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. கார் குறைவென்றால் டயர் விற்பதெங்ஙனம்? "எங்கள் டயரே சிறந்தது" என்று ஊரெங்கும் தட்டி கட்டியிருக்கலாம். அவர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். கார் வைத்திருப்பவன் ஏன் வெளியூர் போக அஞ்சுகிறான்? வழியில் டயர் வெடித்தால் எப்படி மாற்றுவது? எண்ணெய் எங்கே கிடைக்கும்? பழுது பார்ப்பவன் எந்த ஊரில் இருக்கிறான்? இரவு எங்கே தங்குவது? இவற்றுக்கெல்லாம் விடை எழுதி, வரைபடமும் சேர்த்து, ஒரு சிறு சிவப்புப் புத்தகமாக அச்சிட்டு, ஏறத்தாழ 35,000 படிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். மூவாயிரம் காருக்கு முப்பத்தையாயிரம் புத்தகம்! கார் வாங்கப்போகிறவனையும் சேர்த்துத்தான் அவர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பயம் நீங்கினால் பயணம் கூடும். பயணம் கூடினால் டயர் தேயும். தேய்ந்தால் புதிது வாங்குவான். எண்ணிப் பார்த்தால் சாமர்த்தியமான கணக்குத்தான். ஆனால் அதில் படிப்பவனுக்கு நட்டமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு டயர்க் கடையில் அந்தப் புத்தகத்தை மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்ததை ஆந்திரே பார்த்தார் என்றும், சும்மா கிடைப்பதை மனிதர் மதிப்பதில்லை என்று அப்போது உணர்ந்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. 1920இல் அதற்கு 7 பிராங்கு விலை வைத்தார்கள். பிறர் பணம் கொடுத்துப் போடும் விளம்பரங்களையும் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1926இல் நல்ல உணவு கிடைக்கும் இடங்களுக்கு நட்சத்திரக் குறி இடத் தொடங்கினார்கள். இன்றளவும் அவர்களுடைய சோதனையாளர் தாம் இன்னார் என்று சொல்லிக்கொள்ளாமல் போய், உண்டு, பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்.

இரண்டாம் உலகப்போரின்போது நடந்த ஒன்று நமக்கு மிகவும் பிடித்தது. 1944ஆம் ஆண்டில் நேச நாட்டுப் படைகள் பிரான்சுக்குள் இறங்கவிருந்த நேரம். ஊருக்குள் எந்தத் தெரு எங்கே போகிறது என்று படைகளுக்குத் தெரிய வேண்டும். பெயர்ப்பலகைகளைப் போர் தின்றுவிட்டிருந்தது. 1939ஆம் ஆண்டு வெளிவந்த மிச்சலின் புத்தகத்தை வாஷிங்டனில் மறுபதிப்புச் செய்து படை அதிகாரிகளிடம் கொடுத்தார்கள். ஒரு டயர்க் கடைக்காரரின் விளம்பரப் புத்தகம் ஐந்தாண்டு கழித்தும் ஒரு படைக்கு வழிகாட்டிற்று. 2016ஆம் ஆண்டு அந்தப் புத்தகம் சிங்கப்பூருக்கு வந்தபோது, அங்காடிக் கடைகள் இரண்டு நட்சத்திரம் பெற்றன. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் கோலாலம்பூரும் பினாங்கும் சேர்ந்தன. டயர் வாங்காதவரும் மிச்சலின் என்ற பெயரைச் சொல்கிறார்கள்.

இப்படி இன்னும் சில உண்டு. அமெரிக்காவில் கலப்பை செய்த ஜான் டியர் என்னும் நிறுவனம் 1895இல் உழவர்களுக்காக ஓர் ஏடு தொடங்கியது. 'உழவுசால்' என்று பொருள்படும் பெயர் அதற்கு. கலப்பையைப் புகழ்வதைவிட நிலத்தைப் பற்றியும் விளைச்சலைப் பற்றியும் பேசியதால் அது இன்றும் பல மொழிகளில் வெளிவருகிறது.

கின்னஸ் புத்தகத்தின் கதையை நேயர்கள் கேட்டிருக்கலாம். மதுபான ஆலையைப் பற்றிப் பேசுவதைப் பொறுத்தருள வேண்டும். தோட்டத்துக் குடும்பங்களில் குடி செய்த கேடு நாம் அறியாததல்ல. கதை மட்டும் இங்கே வேண்டியிருக்கிறது. 1951ஆம் ஆண்டு அந்த ஆலையின் நிர்வாக இயக்குநர் ஹியூ பீவர் அயர்லாந்தில் பறவை வேட்டைக்குப் போனார். குறி தவறியது. ஐரோப்பாவிலேயே விரைந்து பறக்கும் வேட்டைப் பறவை எது என்று நண்பர்களுக்குள் வாக்குவாதம் வந்தது. எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. மதுக்கடைகளில் இரவுதோறும் இத்தகைய வாதங்கள் நடக்கின்றனவே, தீர்த்து வைக்க ஒரு புத்தகம் இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நோரிஸ் மக்வேர்ட்டர், ராஸ் மக்வேர்ட்டர் என்னும் இரட்டையரிடம் அந்த வேலை ஒப்படைக்கப்பட்டது. 1954இல் ஆயிரம் படிகள் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. 1955இல் 198 பக்கப் புத்தகமாக விற்பனைக்கு வந்தது. 2001ஆம் ஆண்டில் அந்தப் புத்தகமே தனியாக வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஆலையின் கையை விட்டுப் போன பிறகும் ஆலையின் பெயரைச் சுமந்துகொண்டு அது உலகம் சுற்றுகிறது.

இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். நெடுங்காலம் நிற்பது விடையன்று, கேள்விதான். "வெளியூர் போனால் எங்கே தங்கலாம்?" என்ற கேள்வி 1900இலும் இருந்தது, இன்றும் இருக்கிறது. விடை ஆண்டுதோறும் மாறுகிறது. அதனால்தான் அவர்கள் புதிய பதிப்புப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். சாகாத கேள்வியைப் பிடித்துக்கொண்டு, அதன் விடையை அவ்வப்போது புதுப்பிப்பது என்பதே இதன் இரகசியம். நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற குதிரைக் காலண்டரையே எடுத்துக்கொள்வோம். மலாய், சீன, தமிழ்த் தேதிகளும், பள்ளி விடுமுறையும், குதிரைப் பந்தய நாளும் போட்டு, அடியில் மளிகைக் கடைப் பெயர் இருக்கும். ஆண்டு முழுதும் கடையின் பெயர் கண்ணில் படும். ஆனால் டிசம்பர் 31ஆம் தேதியோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். அது விளம்பரத்தில் நல்ல வகைதான். நாம் சொல்லும் வகை அதற்கும் ஒரு படி மேலானது.

நம்மிடம் ஆறாம் வகுப்பு வரை படித்த மாணவி ஒருத்தி இப்பொழுது கறித்தூள் அரைத்து விற்கிறாள். அரவை இயந்திரத்துக்கு வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது, "ஐயா, மாதாமாதம் இணையத்தில் விளம்பரத்துக்குக் கட்டுகிறேன். கட்டுகிற மாதம் ஆர்டர் வருகிறது. கட்டாத மாதம் ஒருவரும் கூப்பிடுவதில்லை. கடனுக்குப் போக வேண்டிய காசு விளம்பரத்துக்கே போய்விடுகிறது" என்றாள்.

"வாங்குகிறவர்கள் உன்னிடம் என்னம்மா கேட்கிறார்கள்?" என்று வினவினோம்.

"அதுவா ஐயா? ஒரே கேள்விதான். ஒரு கிலோ மீனுக்கு எத்தனை கரண்டி தூள் போடுவது என்று. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது."

"சொல்லிச் சொல்லி" என்று அவள் அலுத்துக்கொண்டாளே, அதுதான் புதையல். ஒரே கேள்வியைப் பலர் கேட்கிறார்கள் என்றால், கேட்காமல் தேடுகிறவர்கள் அதைவிடப் பலர். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒரு மாதத்துக்கு வரும் கேள்விகளைக் கேட்டவர் சொன்ன சொற்களாலேயே எழுதி வைக்கச் சொன்னோம். மீன் கறித்தூளுக்கும் இறைச்சிக் கறித்தூளுக்கும் என்ன வேறுபாடு? மிளகாய்த்தூளில் வண்டு விழுவதேன்? கறியில் தூளின் பச்சை வாசனை போகமாட்டேன் என்கிறதே, ஏன்? மலாய்க்காரப் பெண்கள் கேட்ட கேள்வி ஒன்றும் அதில் இருந்தது: ஹல்பா சம்போரில் என்னென்ன கலந்திருக்கிறது?

இவற்றில் ஒன்றுகூட அடுத்த ஆண்டு பழசாகிவிடக்கூடிய கேள்வியன்று. அவளுடைய பாட்டியிடமும் பக்கத்து லயத்துப் பெண்கள் இதையேதான் கேட்டிருப்பார்கள். விடையும் அவள் கையில்தான் இருக்கிறது. இறைச்சித் தூளில் பட்டை, கிராம்பு, ஏலம் போன்ற வாசனைப் பொருள் தூக்கலாக இருக்கும். மீனுக்கு அவ்வளவு ஆகாது, வெந்தயமும் சோம்பும் ஒத்துப்போகும். தூளை நேரே காய்ந்த எண்ணெயில் கொட்டினால் கருகும். சிறிது தண்ணீரில் குழைத்து ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை வதக்க வேண்டும். அதற்குமுன் தண்ணீரும் புளியும் ஊற்றுவதால்தான் பச்சை வாசனை தங்குகிறது. நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. நனைந்த கரண்டியைப் புட்டியில் விட்டால் தூள் கட்டி பிடிக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் வாசனை போய்விடும், வெயில் படும் இடத்தில் வைத்தால் நிறம் வெளுக்கும். ஹல்பா சம்போர் என்பது வெந்தயம், கடுகு, சீரகம், சோம்பு முதலியவற்றை முழுதாகக் கலந்தது. இவை அவளுக்குச் சாதாரணம். தனிக்குடித்தனம் போன புதுப்பெண்ணுக்குச் சாதாரணமல்ல.

எழுதத் தொடங்கியதும் அவளுக்கு வந்த முதல் தடை தமிழே. "பள்ளியில் கட்டுரை எழுதியதோடு சரி ஐயா" என்றாள். அவள் எழுதிக்கொண்டு வந்த முதற்பக்கத்தில், "பன்னெடுங்காலமாகத் தமிழர்தம் வாழ்வில் நறுமணப் பொருட்கள்" என்று தொடங்கி அரைப்பக்கம் ஓடிற்று. அந்தக் கட்டுரை நடையைக் கற்றுக்கொடுத்ததும் நாமேதாம், யாரை நோவது! அடுப்பில் சட்டியை வைத்துக்கொண்டு ஒரு கையில் கைப்பேசி பிடித்திருப்பவளுக்குப் பன்னெடுங்காலம் எதற்கு? கேள்வியே தலைப்பாக இருக்கட்டும். முதல் இரண்டு வரியில் விடை வந்துவிடட்டும். காரணமும் நுணுக்கமும் பிறகு வரட்டும் என்றோம். கரண்டி வீட்டுக்கு வீடு வேறு. ஆகவே கரண்டிக் கணக்கோடு கிராம் கணக்கும் சேர்க்க வேண்டும். "இவ்வாண்டு", "அண்மையில்", "புதிதாக வந்துள்ள" போன்ற சொற்களை நீக்க வேண்டும். அவை எழுதிய அன்றே முதுமையடையத் தொடங்கிவிடுகின்றன. ஆண்டைச் சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால் எண்ணாலேயே எழுதிவிடுவது நல்லது. விலையும் சலுகையும் தனிப்பக்கத்தில் இருக்க வேண்டும். மாறுவதையும் மாறாததையும் ஒரே பானையில் போடக்கூடாது.

அவளுடைய பொருளின் பெயரை எங்கே சொல்வது? ஓரிடத்தில், கடைசியில். அதுவும், வேறு கடைத் தூளைப் பயன்படுத்துகிறவருக்கும் அந்தப் பக்கம் முழுப்பயன் தர வேண்டும். இதை அவள் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. "அவர்கள் தூளுக்கு நான் ஏன் ஐயா சமையல் சொல்ல வேண்டும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். வேறு டயர் மாட்டியிருந்தவனும் மிச்சலின் புத்தகத்தைப் பார்த்துத்தான் ஊர் போய்ச் சேர்ந்தான் என்றோம். பாதி மனத்தோடு சரியென்றாள்.

பொய்யெழுத்து ஒன்றைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மஞ்சள், வெந்தயம், கருஞ்சீரகம் விற்பவர்களில் சிலர், இது நீரிழிவைப் போக்கும், அது புற்றுநோயைத் தீர்க்கும் என்று துணிந்து எழுதுகிறார்கள். அத்தகைய பக்கம் நீண்ட நாள் நிற்பதே ஆபத்து. அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிற ஒருவர் எங்கோ இருப்பார். நம் குடும்பங்களில் இனிப்பு நீரால் காலை இழந்தவர்கள் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால், அப்படி எழுதக் கை வராது. மலேசியாவில் 1956ஆம் ஆண்டு மருந்துகள் விளம்பர, விற்பனைச் சட்டம், நீரிழிவு முதலிய நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

பக்கத்தின் முகவரியைப் பற்றியும் ஒரு சொல். வையவிரிவலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ் லீ, நல்ல முகவரிகள் மாறக்கூடாது என்று 1998ஆம் ஆண்டிலேயே எழுதினார். தளத்தை அழகுபடுத்துகிறோம் என்று பக்கங்களின் முகவரியை மாற்றிவிடுகிறார்கள். யாரோ தம் தங்கைக்கு அனுப்பி வைத்த பக்கம், அவள் திறக்கும்போது இல்லை. வீடு மாறினால் அஞ்சற்காரருக்குச் சொல்லிவிட்டுப் போகிறோமல்லவா? அதுபோல மாற்றியே தீரவேண்டுமென்றால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டைச் செய்யச் சொல்ல வேண்டும். ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்து தளத்தையே இழந்தவர்களும் உண்டு.

இவ்வளவும் செய்தால் வாடிக்கையாளர் வந்து குவிவார்களா என்றால், அப்படி உறுதி சொல்ல மாட்டோம். தேடுபொறிகள் தம் முறையை அடிக்கடி மாற்றிக்கொள்கின்றன. 2024ஆம் ஆண்டு முதல் கூகுள் தேடலில் செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடையே மேலே வரத் தொடங்கியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு உள்ளே வராமற் போகிறவர் பலர். என்றாலும் அந்த இயந்திரமும் எங்கிருந்தோ படித்துத்தானே சொல்ல வேண்டும்? தமிழில் அது படிப்பதற்கு என்ன இருக்கிறது என்பது நம்மைப் பொறுத்தது.

வணிக உலகில் இத்தகைய எழுத்தை என்றும் பசுமையான மரத்துக்கு ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். நமக்குத் தெரிந்த மரம் ரப்பர் மரம். அது ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சு வாக்கில் இலையை உதிர்க்கும், பால் குறையும், பிறகு துளிர்த்து மறுபடியும் பால் கொடுக்கும். பக்கத்தையும் அவ்வாறே வைத்துக்கொள்ள வேண்டும். பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வாரத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, தொலைபேசி எண் சரியா, சொன்ன அளவு சரியா, படம் தெரிகிறதா என்று பார்த்து, அடியில் "சரிபார்த்த நாள்" என்று தேதி போட வேண்டும். யாராவது பிழை சுட்டியிருந்தால் திருத்த வேண்டும். அரைநாள் வேலை.

அந்த மாணவி இதுவரை ஐந்து பக்கம் முடித்திருக்கிறாள். ஹல்பா சம்போர் பக்கத்தை மலாயில் எழுதியிருக்கிறாள். இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்க்காமல், பக்கத்து வீட்டு மக்சிக்குப் படித்துக் காட்டித் திருத்தினாள். விளம்பரத்தை அவள் முழுதாக நிறுத்திவிடவில்லை. தீபாவளி மாதத்துக்கு மட்டும் கட்டுகிறாள், மிச்சம் கடனுக்குப் போகிறது. ஆறாவது பக்கம் வண்டு விழும் கேள்வி. மிளகாயை எத்தனை நாள் காயவைத்து அரைத்தால் வண்டு விழாது என்பதில் அவளுக்கும் அவள் மாமியாருக்கும் கருத்து வேறுபாடு. இரண்டு புட்டியில் போட்டு, தேதி எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்திருக்கிறாள்.